ஈறு நோய் முற்றியவர்கள் பல்லுக்குக் கிளிப் போடலாமா?



இளமையில் வரிசையாக இருந்த முன்பற்கள் நாற்பது வயதுக்குமேல் மெல்ல விலக ஆரம்பிப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மேல் வரிசையின் நடுவில் ஒரு சந்து விழும். பிறகு ஒரு பல் மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு வரும். கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தால்தான் எவ்வளவு மாறிவிட்டது என்று தெரியும். வலி இருக்காது என்பதால், "வயசானால் அப்படித்தான்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இன்னும் சிலர் நேராகப் போய், "கிளிப் போட்டு உள்ளே தள்ளிவிடுங்கள்" என்று கேட்கிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் சகோதரர்கள் ஊர் வரும் விடுமுறையில் இந்தக் கேள்வி கூடுதலாக எழுகிறது.

வயதானதால் மட்டும் பல் விலகுவதில்லை. இப்படிப் பல் இடம் பெயர்வதற்கு மிக முக்கியமான காரணம், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு ஈறு நோயால் கரைந்து போயிருப்பதுதான். எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போது கிளிப் போட்டால் பல்லை இழக்க நேரிடும். அதே நோயை முதலில் அடக்கிவிட்டுக் கிளிப் போட்டால், முற்றிய நோயாளிக்கும் பல் பல ஆண்டுகள் நிலைக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது வேலை செய்யும் வரிசைதான். அந்த வரிசையைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பல் ஏன் விலகுகிறது?

பல் எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்கள் இருக்கின்றன. அவைதான் பல்லைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. பல்லின் மேல் படியும் கிருமிப் படலத்தை அன்றாடம் அகற்றாவிட்டால் அது கெட்டிப்பட்டுக் காரையாகிறது. காரையின் மேல் மீண்டும் கிருமி படிகிறது. ஈறு வீங்கிச் சிவக்கிறது, துலக்கும்போது இரத்தம் கசிகிறது. இந்தக் கட்டத்தில் கவனித்தால் முழுமையாகக் குணமாகிவிடும்.

கவனிக்காமல் விட்டால், நோய்க்கு உள்ளாகும் உடல்வாகு கொண்டவர்களுக்கு நார்கள் அறுந்து, எலும்பு கரைந்து, பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் பை போன்ற ஒரு பள்ளம் உருவாகிறது. ஆரோக்கியமான ஈறில் இந்தப் பள்ளம் 1 முதல் 3 மி.மீ. வரைதான் இருக்கும். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் போனால் ஆழமான பள்ளம். வீட்டில் எந்தப் பிரஷ்ஷும் அங்கே எட்டாது.

எலும்பு குறைந்ததும் பல் தன் இடத்தில் நிற்க முடியாமல் போகிறது. நாக்கு உள்ளிருந்து தள்ளுகிறது. உதடு வெளியிலிருந்து தடுக்கிறது. கடைவாய்ப் பற்களில் சில ஏற்கனவே போயிருந்தால், மெல்லும் பளு முழுக்க முன்பற்கள் மேல் விழுகிறது. விசிறி விரிவதுபோல மேல் முன்பற்கள் விரிகின்றன. ஈறு நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை இப்படிப் பல் இடம் பெயர்வதாக வெவ்வேறு ஆய்வுகள் கூறுகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 100 கோடிக்கும் அதிகமானோருக்குக் கடுமையான ஈறு நோய் இருக்கிறது. 2017-ல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வகுத்த முறைப்படி இந்த நோய் 4 நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. மூன்றாவது நிலையில் நார்ப் பிடிப்பு 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியிருக்கும். நான்காவது நிலையில் அதோடு சேர்ந்து, நோயால் 5 பற்களோ அதற்கு மேலோ போயிருக்கும், அல்லது பல் விரிந்து, ஆடி, கடிக்கும் அமைப்பே குலைந்திருக்கும். ஒருவருக்குப் பல் சீரமைப்பு அழகுக்காக இல்லாமல் மெல்லுவதற்காகவே தேவைப்படும் கட்டம் இது.

அழற்சியோடு கிளிப் போட்டால்

கிளிப் எப்படிப் பல்லை நகர்த்துகிறது என்று தெரிந்தால் ஆபத்து எங்கே என்பது விளங்கும். பல்லைத் தள்ளும் பக்கத்தில் எலும்பு கரைய வேண்டும், விட்டு வந்த பக்கத்தில் புது எலும்பு வளர வேண்டும். உடலே செய்யும் வேலை இது. ஈறில் அழற்சி இருந்தால் கரைவது கூடுதலாகவும் வளர்வது குறைவாகவும் நடக்கிறது.

ஸ்வீடன் நாட்டு கோதன்பர்க் ஆய்வாளர்கள் 1977-ல் நாய்களிடம் செய்த ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. ஒரு பக்கப் பற்களை அன்றாடம் சுத்தம் செய்தார்கள். மறு பக்கத்தில் கிருமிப் படலத்தை அப்படியே விட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பல்லைச் சாய்த்து நகர்த்தினார்கள். சுத்தமான பக்கத்தில் பாதிப்பு இல்லை. கிருமி இருந்த பக்கத்தில், பல் சாயும்போது ஈறுக்கு மேலே இருந்த கிருமிப் படலம் ஈறுக்குக் கீழே இழுத்துச் செல்லப்பட்டு, எலும்புக்குள்ளேயே ஆழமான பள்ளங்கள் உருவாயின. அதாவது, தீங்கு கிளிப்பால் மட்டும் வந்ததில்லை, கிருமியால் மட்டும் வந்ததுமில்லை. இரண்டும் ஒன்று சேர்ந்தபோதுதான் வந்தது.

மனிதர்களிடம் 1989-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதையே காட்டியது. பெரியவர்கள் 20 பேர், வளரிளம் பருவத்தினர் 20 பேர். பெரியவர்களில் பாதிப்பேர் ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்று, எலும்பு குறைந்த நிலையிலேயே கிளிப் போட்டவர்கள். எலும்பு குறைவாக இருந்தும், அழற்சி இல்லாத பற்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. உண்மையில் பெரியவர்கள் பிள்ளைகளைவிடச் சுத்தமாக வைத்துக்கொண்டார்கள்! ஆனால், நோய் முழுமையாக அடங்காமல் விடப்பட்ட பற்களில் சீழ் வைத்து, பல் இழப்புவரை போனது.

ஆகவே எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைவிட, மிச்சம் இருக்கும் எலும்பைச் சுற்றி நோய் ஓய்ந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. "எலும்பு பாதி போய்விட்டது, இனி கிளிப்பெல்லாம் முடியாது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு செட் கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்படும் அனைவருக்கும் அது சரியான பதிலாக இருக்க வேண்டியதில்லை. அதேபோல, ஈறைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் முதல் நாளே கிளிப் ஒட்டுகிறேன் என்பதும் சரியில்லை.

வரிசை எப்படி இருக்க வேண்டும்?

முதலில் அளவெடுப்பது. மி.மீ. கோடு போட்ட மெல்லிய கருவியால் ஒவ்வொரு பல்லையும் ஆறு இடங்களில் அளந்து எழுதுவார்கள். கூடவே எக்ஸ்ரே. இந்த அளவுப் பட்டியல் இல்லாமல் கிளிப் பேச்சை எடுப்பவரிடம், "ஈறு அளவு எடுக்கவில்லையா டாக்டர்?" என்று கேட்பதில் தவறில்லை. மரியாதைக் குறைவும் இல்லை.

அடுத்தது சுத்தம் செய்வது. ஈறுக்கு மேலும் கீழும் வேர் மேல் படிந்திருக்கும் காரையை எடுப்பார்கள். இங்கே நம் மக்களிடம் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. "கிளீனிங் செய்தால் பல் ஆடும், சந்து விழும்" என்பார்கள். பல்லுக்கு இடையில் எலும்பும் ஈறும் ஏற்கனவே போயிருக்கும். அந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்ததால் தெரியாமல் இருந்திருக்கும். காரையை எடுத்ததும் சந்து தெரிகிறது, அவ்வளவுதான். சுத்தம் செய்த சில நாட்கள் கூச்சம் இருக்கும், பிறகு குறையும். வீக்கம் வடிந்ததும் ஆடிய பல் ஓரளவு இறுகுவதையும், விலகிய பல் தானாகவே கொஞ்சம் உள்ளே வருவதையும் பல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

சுமார் 3 மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். பள்ளங்கள் 4 மி.மீ. அளவுக்குள் வந்து, இரத்தக் கசிவு நின்றிருந்தால் கிளிப்புக்குப் போகலாம். 6 மி.மீ. போன்ற ஆழத்தில் பள்ளம் மீதமிருந்தால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் சிறு அறுவைச் சிகிச்சையோ, எலும்புத் தூள் வைத்து எலும்பை வளர்க்கும் சிகிச்சையோ தேவைப்படலாம்.

எலும்பு வளர்க்கும் சிகிச்சைக்குப் பிறகு கிளிப் போட 6 மாதமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும் என்பது பல காலமாக இருந்த வழக்கம். 2021-ல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. நான்காம் நிலை நோயாளிகள் 43 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அறுவைக்குப் பின் 4 வாரத்திலும், மறு பிரிவுக்கு 6 மாதம் கழித்தும் பல்லை நகர்த்த ஆரம்பித்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவிலும் இழந்த பிடிப்பில் சராசரியாக 5 மி.மீ. அளவுக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. திறமையான குழு இருந்தால் நீண்ட நாள் காத்திருப்பது கட்டாயம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

கிளிப் போடும் விதமும் மாறும். மண் அரித்துப்போன கொடிக்கம்பத்தை நினைத்துப் பாருங்கள். ஊன்றியிருக்கும் ஆழம் குறைந்துவிட்டால் லேசாகத் தள்ளினாலே சாயும். எலும்பு குறைந்த பல்லும் அப்படித்தான். பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் இழுவிசையை இவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, மிக மெதுவாகவே நகர்த்த வேண்டும். கடைவாய்ப் பல்லைச் சுற்றி வளையம் மாட்டுவதைத் தவிர்த்து, பல்லின் வெளிப்பக்கத்தில் ஒட்டும் சிறு குழாயைப் பயன்படுத்துவது நல்லது. கிருமி தங்கும் ரப்பர் வளையங்களுக்குப் பதில் மெல்லிய எஃகுக் கம்பியால் கட்டுவார்கள். கழற்றி மாட்டும் ஒளிபுகும் உறைகளும் சிலருக்குப் பொருந்தும். சுத்தம் செய்ய எளிது என்பது அவற்றின் நன்மை. ஆனால் எல்லா வகை நகர்த்தலுக்கும் அவை போதாது.

கிளிப் இருக்கும் காலம் முழுவதும் ஈறு மருத்துவரிடம் போவது நிற்கக் கூடாது. அழற்சி திரும்பினால் கம்பியை இழுப்பதை நிறுத்திவிட்டு, ஈறைச் சரிசெய்த பிறகே தொடர வேண்டும். சீரமைப்பு மருத்துவரும் ஈறு மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் இடமாகப் பார்த்துப் போவது இதனால்தான் முக்கியம். தமிழகத்தில் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்திலும், மற்ற பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தனியார் மருத்துவமனையின் செலவுக்கு அஞ்சி நோயை வளர்த்துக்கொண்டிருப்பவர்கள் கல்லூரி மருத்துவமனைகளை முதலில் நாடலாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பது நாள் லீவில் வந்து, முதல் வாரம் கிளீனிங், இரண்டாம் வாரம் கிளிப், பிறகு அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். கவனிப்பாரின்றிப் பல மாதம் வாயில் இருக்கும் கம்பி இந்த நோயாளிகளுக்கு மிகவும் ஆபத்தானது. லீவில் சுத்தம் செய்து, அளவெடுத்து, எக்ஸ்ரேவை வாங்கிக்கொண்டு போய், நீங்கள் தொடர்ந்து இருக்கும் ஊரிலேயே மற்றதைச் செய்யுங்கள்.

நிக்காஹ் தேதி குறித்துவிட்டு மூன்று மாதத்தில் பல் நேராக வேண்டும் என்று வருபவர்களுக்கும் இது பொருந்தும். அவசரத்தில் ஆடும் பற்களைச் சீவிக் கேப் மாட்டிக்கொள்வதை நாம் சரியென்று நினைக்கவில்லை. அடியில் நோய் அப்படியே இருக்கும். கேப் பளபளப்பாக இருக்கும்போதே பல் கேப்போடு சேர்ந்து விழும்.

ஆண்டுகள் கழித்து எப்படி இருக்கும்?

ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு, நான்காம் நிலை நோயாளிகளுக்கான சிகிச்சை வழிகாட்டியை 2022-ல் வெளியிட்டது. ஈறு நோய் வெற்றிகரமாக அடக்கப்பட்டவர்களுக்குப் பல் சீரமைப்பு ஈறின் நிலையைக் கெடுப்பதில்லை என்பதே அதுவரையிலான ஆய்வுகளிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு. விரிந்த பற்கள் உள்ளே வருகின்றன, சந்து அடைபடுகிறது, கடி சரியாகிறது, பள்ளங்களும் கூடுவதில்லை.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை. பல்கலைக்கழக மருத்துவமனைகளில், தேர்ந்த கைகளால், சொன்னபடி கேட்கும் நோயாளிகளுக்குச் செய்யப்பட்டவை. நமதூரில் மூன்று மாதத்திற்கொருமுறை வரச் சொன்னால் மூன்று வருடத்திற்கொருமுறை போகும் நமக்கு அதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தொடர் பராமரிப்பு என்ன செய்யும் என்பதற்கு ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகர ஆய்வு நல்ல உதாரணம். 1972-ல் தொடங்கி 30 ஆண்டுகள் ஒரே மக்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். இவர்கள் கிளிப் போட்டவர்கள் அல்லர், சாதாரணப் பொதுமக்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்து, துலக்கும் முறையைத் திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். 30 ஆண்டு முடிவில் எந்த வயதுப் பிரிவிலும் ஒருவர் சராசரியாக இரண்டு பல்லைக்கூட இழக்கவில்லை. நம் வீடுகளில் அறுபது வயதில் எத்தனை பல் மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

கிளிப்பால் கிடைக்காதவற்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஈறு இறங்கியவர்களுக்குப் பற்கள் நீளமாகத் தெரியும், அது மாறாது. பற்கள் நேரானதும் அவற்றுக்கிடையில் ஈறோரம் கறுப்பாக முக்கோணச் சந்து தெரியலாம். 1992-ல் வெளியான ஓர் ஆய்வில், இரு பற்கள் தொடும் இடத்திலிருந்து எலும்புவரை 5 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஈறு கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் சந்தை நிரப்பியிருந்தது. 6 மி.மீ. என்றால் பாதியைச் சற்றுத் தாண்டி. 7 மி.மீ. என்றால் கால்வாசி இடங்களில்தான். எலும்பு இறங்கியவர்களுக்கு இந்தத் தூரம் கூடியிருப்பதால் முக்கோணச் சந்து வருவது சிகிச்சையின் பிழை இல்லை. பற்களின் பக்கவாட்டை மெல்லியதாகத் தேய்த்து நெருக்கினால் ஓரளவு குறையும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

பல்லைத் தேய்ப்பது என்றதும் நம் தாய்மார்கள் பலருக்கும் ஒரு தயக்கம் வரும். அழகுக்காகப் பல்லைத் தேய்த்து இடைவெளி உண்டாக்கும் பெண்களைச் சபிக்கும் ஹதீஸ், இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றிருக்கிறது. அந்த அறிவிப்பில் 'அழகுக்காக' என்ற சொல் இருப்பதைச் சுட்டிக்காட்டி, சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ செய்தால் குற்றமில்லை என்று இமாம் நவவீ (ரஹ்) முஸ்லிம் விரிவுரையில் விளக்கியிருக்கிறார்கள். நோயால் விலகிய பல்லை இருந்த இடத்திற்குக் கொண்டுவருவது சிகிச்சையில்தான் சேரும்.

ஆடும் பல்லைக் கம்பியால் கட்டுவது புதிய விஷயமும் அல்ல. திர்மிதீயில் பற்களைத் தங்கத்தால் கட்டுவது பற்றி ஒரு பாடத் தலைப்பே இருக்கிறது. ஜாஹிலிய்யா காலத்தில் குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்து வைத்தபோது அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியை அதன் கீழ் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆடும் பல்லைக் கட்டத் தங்கம் கூடுமா, வெள்ளிதான் கூடுமா என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்களின் மாணவர் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இன்றைய கம்பி எஃகு என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நோன்பு காலத்தில் சிகிச்சையை நிறுத்த வேண்டுமா? ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997-ல் எடுத்த தீர்மானப்படி, பல்லைச் சுத்தம் செய்வதும் குடைவதும் பிடுங்குவதும், எதையும் விழுங்காதவரை நோன்பை முறிக்காது. ஆனாலும் சுத்தம் செய்யும் கருவி தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் என்பதால், முடிந்தால் இரவு நேரத்தில் வைத்துக்கொள்வது மனதுக்கு நிம்மதி. நோன்பில் பகல் சாய்ந்தபின் மிஸ்வாக் செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் மக்ரூஹ். ஹனஃபீயில் அப்படியில்லை. எப்படியானாலும் சஹருக்குப் பின்பும், தராவீஹ் முடிந்து படுக்குமுன்பும் முழுமையாகத் துலக்கினால் போதும். பல்லில் ஒட்டிய கம்பியோடு குளிப்பு நிறைவேறுமா என்பது போன்ற மஸ்அலாக்களை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு ஒளுவிலும் மிஸ்வாக் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் அதை விடவேண்டாம். ஆனால் எலும்பு இறங்கிய பற்களுக்கிடையில் உள்ள குழிவுகளில் மிஸ்வாக்கும் போகாது, சாதாரண பிரஷ்ஷும் போகாது. பாட்டில் கழுவும் பிரஷ்போலச் சிறியதாக, பல்லிடுக்குக்கென்றே விற்கும் பிரஷ் இருக்கிறது. இடுக்கின் அளவுக்கேற்ப இரண்டு மூன்று அளவுகளை மருத்துவர் தேர்ந்து கொடுப்பார். இந்த நோய் உள்ளவர்களுக்கு இதைவிட முக்கியமான பொருள் வீட்டில் வேறில்லை.

சர்க்கரையும் புகையும்

2023-ல் வெளியான தேசிய ஆய்வில் தமிழகத்தில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம் என்று கண்டறியப்பட்டது. கட்டுப்பாடில்லாத சர்க்கரை ஈறு நோய் வரும் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 7 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது ஒருவர் நாளுக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைத்தால், நோய் வேகமாகப் பரவும் பிரிவில் அவரைச் சேர்க்கிறார்கள். புகைப்பவர்களுக்கு ஈறில் இரத்தம் குறைவாகவே கசிவதால் நோய் வெளியே தெரிவதும் இல்லை.

எதிர்த் திசையிலும் பலன் உண்டு. ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்தால் ஹெச்பிஏ1சி 3-4 மாதத்தில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவு குறைகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2022-ல் கண்ட முடிவு இது. சர்க்கரைக்கு மாத்திரை கூட்டுவதற்கு முன் வாயைக் காட்டச் சொல்லும் டாக்டர் கிடைத்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இந்த நோயில் ஒரு வகை இளம் வயதிலேயே வரும். பதின்ம வயதில் முதல் கடைவாய்ப் பல்லையும் முன்பற்களையும் தாக்கும். வாய் சுத்தமாகத் தெரிந்தாலும் உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். இது குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது. உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ நாற்பது வயதுக்குள்ளேயே பற்கள் ஆடி விழுந்திருந்தால், அவர்களின் பிள்ளைக்குக் கிளிப் போடுமுன் ஈறு அளவும் எக்ஸ்ரேவும் கட்டாயம் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு இருப்பது தெரிந்தால் உடன்பிறந்தவர்களையும் காட்ட வேண்டும்.

கிளிப் கழற்றிய பிறகு

எலும்பு குறைந்த பல் விட்டால் பழைய இடத்துக்கே ஓடும். எனவே முன்பற்களின் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒன்றை நிரந்தரமாக ஒட்டிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகள் என்றால், இவர்களுக்கு ஆயுள் முழுக்க. ஆடும் பற்களைச் சேர்த்துக் கட்டிவைப்பதால் மெல்லுவதற்கும் அது உதவும். கம்பியின் அடியில் காரை சீக்கிரம் சேரும் என்பதால் மூன்று மாதத்திற்கொருமுறை சுத்தம் செய்வது தொடர வேண்டும். சில ஆண்டுகள் நிலைமை நன்றாக இருந்தால் மருத்துவர் அந்த இடைவெளியைக் கூட்டலாம்.

இந்தக் கம்பி ஏதாவது ஒரு பல்லில் மட்டும் விட்டுப்போவது அடிக்கடி நடக்கும். வலிக்காது என்பதால் தெரியாது. வாரம் ஒருமுறை நாக்கால் தடவியோ, கண்ணாடியில் பார்த்தோ, நகத்தால் மெல்ல அசைத்தோ சோதித்துக்கொள்ளுங்கள். விட்டிருந்தால் அதே வாரம் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் தள்ளினால் பல் நகர்ந்துவிடும், கம்பி பொருந்தாது, மறுபடி கிளிப் போட வேண்டிவரும். வெளிநாடு போகிறவர்கள் முதல் நாள் எடுத்த ஈறு அளவுப் பட்டியல், எக்ஸ்ரே, கிளிப் கழற்றிய அன்று எடுத்த ஃபோட்டோ மூன்றையும் மொபைலில் வைத்துக்கொண்டால், எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் காட்டினாலும் பல் நகர்ந்திருக்கிறதா, பள்ளம் கூடியிருக்கிறதா என்று அவரால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.